முப்பத்தொரு கேள்விகள், ஒற்றை விரல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதில்லை. சாப்பாட்டு மேசையில் என் தங்கை சொன்னதைச் சுட்டுவிட்டேன். அவள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். நல்ல கம்பெனியை விட்டுவிட்டு, அரசாங்க அலுவலகத்துக்கு விண்ணப்பப் பக்கங்கள் செய்துதரப் போனாள். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். நானும்தான்.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: 'தூங்கி வழிந்த அந்த அலுவலகத்துக்குள் மின்னல்போல் நுழைந்தாள் அவள்...'

தங்கை படித்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, அன்னைக்கு லிஃப்ட் வேலை செய்யல. நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிட்டு நின்னேன்."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

அவளுடைய குழுவில் ஒரு வழக்கம். தாங்கள் செய்த பக்கத்தை மக்கள் நிரப்பும்போது அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், உதவக் கூடாது. கை துறுதுறுக்கும் என்பதால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். (படித்தவர்கள் செய்கிற காரியமா என்று கேட்டேன். "படிச்சவங்களுக்குத்தான் கை சும்மா இருக்காது" என்றாள்.)

ஒரு திங்கட்கிழமை, கவுன்டர் பக்கத்துக் கணினியில் ஒரு தையல்காரம்மா* வந்து உட்கார்ந்தார். படுத்த படுக்கையாகிவிட்ட கணவரைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குத் தினமும் நர்ஸ் வர வேண்டும், அதற்கான விண்ணப்பம். முப்பத்தொரு கேள்விகள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. விட்டால் அடுத்த வருடம்தான்.

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். ஏழாவது கேள்வியில் பக்கம் வெள்ளையாகிவிட்டது.

"அடிச்சதெல்லாம் எங்கம்மா போச்சு?"

தங்கை வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "இது நாலாவது தடவை. எனக்கு அறிவு அவ்வளவுதான் போல." பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

[பத்து நிமிடத்தில் பக்கம் தானாக மூடும்படி வைத்தது ஒரு சோம்பேறி குமாஸ்தா என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா? தங்கை அதன்மேல் கோடு போட்டாள். "அதை வெச்சது நான்தாண்ணே. நான் அடிச்சுப் பார்த்தப்ப நாலே நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. பத்து தாராளம்னு நினைச்சேன்."]

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு அவள்மீது... (தங்கையைப் பற்றி இப்படியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை.) பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

* தையல்காரர் என்று எப்படித் தெரியும்? கழுத்தில் அளவு டேப் தொங்கியதாம்.

3

புதன்கிழமைக்குள் மாற்றிவிட்டார்கள். பக்கம் இனித் தானாக மூடாது. அடிக்க அடிக்க ஒவ்வொரு பதிலும் பத்திரமாக இருக்கும். நான் தூங்குமூஞ்சி என்று எழுதவிருந்த அதிகாரிதான் கூடவே உட்கார்ந்து, ஒரே நாளில் அனுமதி வாங்கித் தந்தார்.

ஆனால் அந்த அம்மாவுக்குச் சொல்ல வழியில்லை. பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் அந்தப் பக்கத்தோடு அழிந்திருந்தன. வியாழக்கிழமை முழுக்கத் தங்கை சுற்றுவட்டாரத் தையல் கடைகளில் ஏறி இறங்கினாள். "விண்ணப்பத்தைப் பாதியில விட்டுட்டுப் போனவங்க யாராவது இருந்தா, திரும்ப அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. தப்பு அவங்க மேல இல்ல, என் மேல."

4

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு, எங்கிருந்தோ யாரோ ஒரு விண்ணப்பத்தைத் திறந்தார்கள். யார் என்று தங்கையின் திரையில் தெரியாது. எத்தனையாவது கேள்வி என்பது மட்டும் தெரியும். ஒன்று. வெகுநேரம் கழித்து, இரண்டு. தங்கையும் அதிகாரியும் கையைத் தொடைக்கு அடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு ஐம்பத்திரண்டு. இருபத்தொன்பதாவது கேள்வி.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இனிப்பு கொஞ்சம் தூக்கல். இன்னொன்று, 'ஐந்து மணி அடித்தபோது முப்பதாவது கேள்வியில்...' அதை முடிக்க மனம் வரவில்லை.

நான் எழுதினால்தான் இந்தக் கதையில் ஐந்து மணி ஆகும். எழுதப்போவதில்லை. நீங்களும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா நிதானமாக அடிக்கட்டும்.