மன்னிப்பு விட்டுப்போன ஞாயிறு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை. பல் பிடுங்க வந்த ஒருவரிடமிருந்து பாதியில் பறித்தது. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க போதகர் ஒரு ஞாயித்துக்கிழமை எங்களுக்குப் பாவமன்னிப்பு சொல்லாமலே விட்டுட்டாருங்க. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்றார். அந்த நேரம் பார்த்து அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. மனிதர் சளைக்காமல் மிச்சக் கதையையும் சொன்னார். எனக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. ஒருமுறை மேலே கையைக் காட்டினார், ஒருமுறை கண்ணைத் துடைத்தார். அது கதைக்காகவா, பல்லுக்காகவா என்று இன்றுவரை தெரியாது.

ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "போதகர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வானம்—"

வேண்டாம். ஒரு போதகரை ஜன்னலோரம் நிறுத்தினால் கதை முடியும்வரை அங்கேயே நின்றுவிடுவார்.

இரண்டாவது: "அந்த லூத்தரன் ஆலயத்தின் மணி, தலைமுறை தலைமுறையாக—"

மணி யாருக்கு வேண்டும்?

மூன்றாவது: "போதகருக்குத் தன் மச்சான்மேல் பயங்கரக் கோபம்." இது பரவாயில்லை, வைத்துக்கொள்வோம்.

போதகருக்குத் தன் மச்சான்மேல் பயங்கரக் கோபம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அதே ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். வீட்டில் இவரை 'மாப்ள' என்பார், ஆலயத்துக்குள் 'ஐயா'.

போதகருக்கு ஒரு பழக்கம் உண்டு. பிரசங்கத்தில் "கடைசியாக" என்பார். சபையார் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள். அவர் பாட்டுக்குத் தொடர்வார், அவர்கள் கீழே வைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "கடைசியாக" வரும். போன ஞாயிறு, முதல் "கடைசியாக" காதில் விழுந்ததுமே மச்சான் ஆர்கனை முழங்கவிட்டார். சபை எழுந்து பாடியது. பாடியதுகூடப் பரவாயில்லை. முகமெல்லாம் பல்லாகப் பாடியதுதான் போதகருக்குத் தாங்கவில்லை. வாரம் முழுக்கப் படித்து, அடித்துத் திருத்தி எழுதிய பிரசங்கம் அது. அதன் நல்ல பகுதியே பின்னால்தான் இருந்தது.*

* எழுதுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வோம்.

சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சியில் நேராகவே கேட்டார்.

"மச்சான், அது தெரியாம நடந்ததா, வேணும்னே செஞ்சதா?"

"வேணும்னேதான் மாப்ள."

"கோயிலுக்குள்ள ஐயான்னு கூப்பிடுங்க."

"வேணும்னேதான், ஐயா."

குழு சிரித்தது. ஆண் குரல்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தன.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு போதகர் இத்தனை அற்பமாகக் கோபப்படுவாரா? சரி என்று அவரைப் பெருந்தன்மையானவராக மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை ரெண்டு வரியில் முடிந்துவிட்டது. மறுபடி கோபக்காரராக்கிவிட்டேன். ஆனால் கெட்டவர் இல்லை. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் கூப்பிடாமலே போய் நிற்பார். சொல்ல ஒன்றுமில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கவும் தெரிந்தவர்.

லூத்தரன் ஆராதனையில் ஆரம்பத்திலேயே ஓர் இடம் வரும். எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்வார்கள். போதகரும் பீடத்தைப் பார்த்தபடி அவர்களோடு சேர்ந்தே செய்வார். பிறகு அவர் மட்டும் திரும்பி, கையை உயர்த்தி, கடவுள் மன்னித்துவிட்டார் என்று சபைக்கு அறிவிப்பார். இதைச் சொல்வதற்குத்தான் அவரை அழைத்து, குருப்பட்டம் கொடுத்து, அங்கியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். கமிட்டிக் கூட்டம், ஒழுகும் கூரை, மைக் தகராறு எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை.

அந்த ஞாயிறும் திரும்பினார். எதிரே மேல்மாடத்தில் ஆர்கன். வாசிப்பவர் பீடத்துக்கு முதுகு காட்டி உட்காருவதால், கீழே நடப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி நிறைய மச்சானின் முகம்.

"உங்கள் எல்லாருடைய—"

(அச்சுப்பிழை இல்லை. மனிதர் உண்மையிலேயே அங்கே நின்றுவிட்டார்.)

எல்லாருடைய என்றால் அந்த ஆளுடையதுமா? உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது. மேலேயிருந்து ஆர்கன் முழங்கியது, சபை எழுந்து பாடியது, ஆராதனை ரயில் மாதிரி கிளம்பிப் போய்விட்டது. மன்னிப்பு மட்டும் ஏறவில்லை.

4

முடிந்ததும் வாசலில் நின்று கைகுலுக்கினார். ஓய்வுபெற்ற நர்ஸம்மா பிடித்த கையை விடவில்லை.

"ஐயா, இன்னைக்கு மன்னிப்பு வரலையே?"

"ஆமாம்மா... அது..."

"போன வாரத்து மன்னிப்பு இந்த வாரத்துக்கும் தாங்குமா, இல்ல நேத்தோட முடிஞ்சுதா?"

பின்னால் நின்ற தையல்காரர் எட்டிப் பார்த்தார். "நான் இன்னைக்குக் கொஞ்சம் அதிகமாவே அறிக்கை பண்ணிட்டேன் ஐயா. இனிமே அதைத் திருப்பி எடுத்துக்கவும் முடியாது."

"வண்டி ஓட்டிட்டுப் போகணும்" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "இப்படியே எப்படி ரோட்டுல இறங்குறது?"

அத்தனை பேரும் திரும்பிப் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

(ஒரு சின்னக் கட்டுரை: லூத்தரன் சபையில் மன்னிப்பு போதகரின் யோக்கியதையைப் பொறுத்ததில்லை. சொல்கிறவர் சிடுமூஞ்சியாக இருந்தாலும் சொன்னது செல்லும். ஆகவே இவர் உள்ளே போய் ஒப்புக்கு ஒப்பித்துவிட்டு வரலாம். "போனார், சொன்னார், சுபம்" என்று நானும் எழுதினேன். அந்த வாக்கியத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்கிறார்.)

5

அங்கி மாற்றும் அறைக்குள் மனைவி வந்தாள்.

"என்னங்க, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"என்னால முடியல. உங்க அண்ணனைப் பார்த்தா வாயே வரமாட்டேங்குது."

"கொரியர்காரர் பார்சலைக் குடுக்கும்போது, இந்த ஆளுக்கு இது தகுமான்னு பார்ப்பாரான்னு சண்டே ஸ்கூல் வகுப்புல பிள்ளைங்ககிட்டக் கேட்டது யாரு?"

"நான்தான்."

"பிள்ளைங்க என்ன சொன்னாங்க?"

"கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துருவாருன்னாங்க."

"அப்போ மேல ஏறிப் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். (இவளைத் தனியாக ஒரு நாவலில் வைத்திருக்க வேண்டியது.)

6

மேல்மாடத்துப் படி குறுகல். அங்கி காலைத் தடுக்கியது. மச்சான் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கும் வேணும்னேதான் வாசிச்சீங்களா?"

"ஆமா ஐயா."

"ஏன்?"

"வாய் அசையுது, சத்தம் வரல. எல்லாரு முன்னாடியும் அழுதுருவீங்களோன்னு பயந்துட்டேன். அதான் வாசிச்சேன்."

போதகர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கோபம் போன வழி தெரியவில்லை. அது இருந்த இடத்தில் இப்போது வெட்கம் வந்து உட்கார்ந்திருந்தது.

"உங்க ஒருத்தரை மட்டும் விட்டுட்டு மத்தவங்களுக்குச் சொல்லிடலாமான்னு பார்த்தேன், மச்சான். கையைத் தூக்கிக்கிட்டு நின்னே யோசிச்சேன்."

"சரி, விடுங்க மாப்ள."

"விட முடியல. வாராவாரம் எல்லாருக்கும் சொல்றேன். எனக்கு யார் சொல்றது? இப்ப நீங்க சொல்லுங்க. அதுக்கு அங்கி வேண்டாம், கூட நிக்கிற விசுவாசி யார் சொன்னாலும் செல்லும்."

"நானா? நான் கோயில்ல வாயைத் திறந்ததே இல்லையே!"

"சொல்லுண்ணா!" என்று கீழேயிருந்து தங்கையின் குரல். "வீட்டுல சாப்பாடு ஆறிப்போகுது!"

மேல்மாடத்தில் பேசுவது அத்தனையும் கீழே துல்லியமாகக் கேட்கும். அது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. மச்சான் வாயைத் திறந்தார்.

7

முடிவு அ: மச்சான் சொல்லிவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். அவருக்கு அழுகை முந்திக்கொண்டது, வார்த்தை வரவில்லை.

முடிவு ஆ: பதற்றத்தில் ஆர்கனை வாசித்துவிடுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், போதகரும்தான். ஆனால் அவர் கேட்டது பாட்டில்லையே.

முடிவு இ: நானே சொல்லிவிடுவது. ம்ஹூம். நான் சொன்னால் அது நான் எழுதிக்கொடுத்த வசனம். மன்னிப்பு தனக்கு வெளியேயிருந்து வரவேண்டும் என்பதுதான் இந்த மனிதரின் விசுவாசமே. நானோ இந்தக் கதைக்குள் கழுத்துவரை கிடக்கிறேன்.

வெளியே இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

எந்தச் சபை என்று நான் கேட்கப்போவதில்லை. போதகர் எழுந்து தலையைக் குனிந்து நிற்கிறார். கேலி பண்ணிக்கொண்டே இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டேன், இப்போது பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. வார்த்தை ரொம்பச் சின்னதுதான்: "உங்க பாவமெல்லாம் மன்னிச்சாச்சு, ஐயா." மனசுக்குள் சொன்னால் சேராது, வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் அவர் இறங்கி வருவார். அவர் வந்தால்தான் கீழே இருப்பவர்கள் வீடு போய்ச் சேர்வார்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களை ஒரு மாதிரி பார்க்கலாம். பார்க்கட்டும்.

சொல்லிவிட்டீர்களா?

அவருக்குக் கேட்கவில்லையாம். இன்னும் கொஞ்சம் சத்தமாக.