நீல டேப்

என் வாய்தான் எனக்கு எமன் என்று கல்யாணமான புதிதிலேயே என் மனைவி சொல்லிவிட்டாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். மலையடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. வாடகைக்கு வண்டி எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு பிரேக் எது பெல் எது என்றே தெரியாது. ஆனால் நேரே உச்சியிலிருந்து பாறை மேல் இறங்க வேண்டும் என்று வந்து நிற்பார்கள். அவர்களை நாலு வார்த்தை திட்டி, முட்டிக்குக் கவசம் மாட்டி, குழந்தைகள் போகிற பாதைக்கு அனுப்பி வைப்பது என் வேலை.

வாய் எப்படியோ, கை சுத்தம். ஒரு வண்டியைப் பிரித்து மாட்டி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தொட்டுப் பார்த்து முடித்ததும், ஹேண்டில்பாரின் நடுவில் ஒரு துண்டு நீல டேப் சுற்றுவேன். கரண்ட் வயருக்குச் சுற்றுகிற அதே டேப்தான். நான் பார்த்துவிட்டேன், இனி யாரும் கை வைக்காதே, ஏறி ஓட்டு என்று அதற்கு அர்த்தம். பந்தயத்துக்கு வருகிறவர்கள்கூட டேப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் மகளுக்கு நாளைக்குப் பந்தயம் இருந்தது. அவள் ஒருத்திதான் இந்த மலையில் பிரேக்கை மாற்றி வைத்து ஓட்டுகிறவள். எங்கள் கடையில் எல்லா வண்டிக்கும் இடது கை முன் பிரேக், வலது கை பின் பிரேக். அவளோ அவள் அம்மாவின் ஸ்கூட்டரில் பழகியவள். ஸ்கூட்டரில் இடது கைதான் பின் பிரேக். சைக்கிளிலும் அப்படியே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டாள்.

நேற்று ராத்திரி சாப்பாட்டில் அதற்குத்தான் சண்டை.

“பந்தயத்துல உன் வண்டி உடைஞ்சா, வேற ஒருத்தர் வண்டியை வாங்கித்தானே ஓட்டணும்? அதுல பிரேக் தலைகீழா இருக்குமே, அப்ப என்ன பண்ணுவே?” என்றேன்.

“அப்ப பாத்துக்கறேம்ப்பா.”

“எப்படிப் பாப்பே? பல்லுடைச்சான்ல போய்ப் பாப்பியா?”

பல்லுடைச்சான் என்பது பாதையின் நடுவில் இருக்கிற பாறைச் சரிவு. பேர் வைத்தவன் பல்லை அங்கேதான் விட்டுவிட்டுப் போனான். அதில் பின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்து இறங்க வேண்டும். தவறி முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி ஆளைத் தூக்கி முன்னால் எறிந்துவிடும்.

“என் வண்டி, என் கை. நீங்க சும்மா இருங்கப்பா” என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “நீயா மாத்தலேன்னா ஒரு நாள் நானே மாத்தி வெச்சுடுவேன் பாத்துக்கோ!” என்று கத்தினேன். அவள் தட்டோடு எழுந்து போய்விட்டாள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் தம்பி, அதாவது என் மச்சினன், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். டைல்ஸ் கடையில் வேலை பார்த்தவன், அந்தக் கடையை மூடிவிட்டதால் ஆறு மாதமாக எங்களோடு இருக்கிறான். நல்லவன். என் வாயிலிருந்து எது வந்தாலும் வேதவாக்கு அவனுக்கு. அதுதான் அவனிடம் இருக்கிற ஒரே கோளாறு.

காலையில் நான் கடைக்குப் பின்பக்கம் யாரோ வளைத்துக்கொண்டு வந்த சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மகள் தன் வண்டியைத் தானே ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், கடைசிப் பயிற்சிக்காக அம்மாவோடு உச்சிக்குப் போய்விட்டாள். போகட்டும், கோபம் தணிந்தால் தானாக வருவாள் என்று இருந்துவிட்டேன்.

ஜீப் திரும்பி வருகிற சத்தம் கேட்டபோது மச்சினன் இரண்டு டீயோடு வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

“அத்தான், உங்க பாரத்தை இறக்கி வெச்சுட்டேன்.”

“என்னடா, சம்பளம் வேண்டாம்னு சொல்லப் போறியா?”

“பாப்பா வண்டி பிரேக்கை மாத்திட்டேன். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து முடிச்சுட்டேன். ரெண்டு பக்கப் பிடியையும் கழட்டி இடம் மாத்துறதுதானே, நீங்க செய்யறதைப் பாத்திருக்கேன். நீங்க மாத்தினா சண்டை வரும். அதான் நானே...”

கையில் இருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது எனக்குத் தெரியவில்லை. அது காலில் விழுந்திருக்கிறது. கட்டைவிரல் நகம் கறுத்துப்போனதைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

“அவகிட்ட சொன்னியா?”

“இல்ல அத்தான். ஆனா ஒண்ணும் விட்டுப் போகல. டேப்கூடப் புதுசா சுத்திட்டேன்.”

அடப்பாவி, அடப்பாவி என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவன் கையில் இருந்த டீ மெதுவாகச் சாய்ந்து மண்ணில் ஊற்றியது. அவனுக்கு இன்னும் புரியவில்லை. பத்து வருடமாக இடது கையைப் பின் பிரேக் என்று நம்பியிருக்கிறவள், பல்லுடைச்சானில் இடது கையைத்தான் பிடிப்பாள். இப்போது அது முன் பிரேக்.

ஜீப்பை நிறுத்தி இறங்கப் போன மனைவியிடம் ஓடினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ கத்தியிருக்கிறேன்.

“கத்தாதீங்க, ஏறுங்க” என்றாள் அவள். முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் கை வண்டியைத் திருப்பிவிட்டது. மச்சினன் ஓடி வந்து பின்னால் தொற்றிக்கொண்டான்.

மகளுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மலையில் பாதி இடத்தில் போன் எடுக்காது என்று தெரிந்தும் போட்டேன். சைக்கிள் பாதை ஒரே இடத்தில்தான் ஜீப் ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம்தான் பல்லுடைச்சான். அவளுக்கு முன்னால் நாங்கள் அங்கே போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். கடவுளே, இந்த ஒரு தடவை, இந்த ஒரே தடவை என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நான் சாமி கும்பிடுகிற ஆளே இல்லை.

“ஏறினதுமே தெரிஞ்சிருக்குமேங்க” என்றாள் மனைவி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “பிரேக்கை ஒரு தடவை பிடிச்சா தெரிஞ்சுடாதா அவளுக்கு? தெரிஞ்சா இறங்க மாட்டா. தள்ளிக்கிட்டு வருவா.”

அதுதான் என் நம்பிக்கையும். தெரியாமல் இருக்காது. முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். எந்தக் கிறுக்கும் அதற்குப் பிறகு அந்தப் பாறையில் இறங்காது. இதையே மனைவி எனக்கும் நான் அவளுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனோம்.

பாதை கடக்கிற இடத்தில், மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த பாதைக்காரர் நிமிர்ந்தார். மலைப்பாதை முழுவதையும் பராமரிப்பவர் அவர்.

“உங்க பொண்ணா? இப்பதான் போச்சு. என்ன, இன்னிக்கு இவ்ளோ மெதுவா ஓட்டுது? சொன்னேன், பாத்துப் போம்மான்னு.”

“தள்ளிக்கிட்டா போனா, ஓட்டிக்கிட்டா?”

“ஓட்டிக்கிட்டுத்தான்.”

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எங்களோடு ஓடி வந்தார். நான் அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே சரிவில் இறங்கினேன். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். பதில் வரவில்லை. பாறையின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தேன்.

வண்டி பாறையின் பாதியில் தலைகீழாகச் செருகிக் கிடந்தது, பின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதற்கும் கீழே, அடிவாரத்து மண்ணில் குப்புறக் கிடந்தாள்.

செத்துப்போனாள் என்றே நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் மனைவி எழுப்பிய சத்தம் மனுஷக் குரல் மாதிரியே இல்லை.

அப்புறம் மகளின் கால் அசைந்தது. பாறையில் உட்கார்ந்தே சறுக்கி இறங்கினேன். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது, தாடையில் ரத்தம், வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கண் திறந்திருந்தது.

“அசையாதே, கண்ணு. அசையாதே.”

“பல்லு இருக்காப்பா?” என்றாள்.

“இருக்கு. எல்லாம் இருக்கு.” அழுதுவிட்டேன்.

பாதைக்காரர் அவள் கழுத்தையும் கைகால்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இப்படி விழுந்தவர்கள் எத்தனையோ பேரை அவர் தூக்கியிருக்கிறார். தோள் எலும்புதான், மற்றது பிழைத்தது என்றார். துண்டால் கையை மார்போடு சேர்த்துக் கட்டி, எல்லோருமாகத் தாங்கி ஜீப்புக்குக் கொண்டு வந்தோம். மச்சினன் வண்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான். எதற்கு என்று கேட்க யாருக்கும் தெம்பில்லை.

பின் சீட்டில் அவள் என் மேல் சாய்ந்திருந்தாள். எதிரே மச்சினன், மடியில் வளைந்த ஹேண்டில்பார். மனைவி ஒவ்வொரு குழிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

“உனக்குத் தெரியலையா கண்ணு? பிரேக் மாறியிருந்தது?” என்றேன்.

“உச்சியிலயே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா இறங்கினே?”

“ஒரே கோவம். திரும்பி வந்து உங்க மூஞ்சியில வண்டியைத் தூக்கிப் போடணும்னு இருந்துச்சு.” மூச்சு வாங்கினாள். “அப்புறம் டேப்பைப் பாத்தேன். அப்பா தொட்டு முடிச்சுட்டாரு. யோசிக்காம செய்ய மாட்டாரு, என்னால முடியும்னுதானே மாத்தியிருப்பாருன்னு தோணுச்சு. மெதுவாத்தாம்ப்பா வந்தேன். மேலே எல்லாம் சரியாத்தான் பிடிச்சேன். பாறையில மூளைக்குத் தெரிஞ்சுது, கைக்குத் தெரியல.”

மனைவி கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள்.

“டேப் இல்லேன்னா தள்ளிக்கிட்டே வந்திருப்பேன்” என்றாள்.

நான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லியும் இருப்பேன். அதற்குள் மச்சினன் உடைந்துபோனான்.

“அப்பா இல்லம்மா. நான் மாத்தினேன். டேப்பும் நான்தான் சுத்தினேன். அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது.” ஹேண்டில்பாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முப்பது வயது தாண்டியவன், குழந்தையைப் போல விசும்பினான்.

அவள் அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அவன் மடியில் இருந்த நீல டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினாள். கண்ணில் வலியைத் தவிர வேறு ஏதோ இருந்தது.

“அப்ப நான் யாரை நம்பிப்பா இறங்கினேன்?”

கல்யாணமான நாளிலிருந்து மூடாத என் வாய் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் திறக்கவில்லை.