எதிர்க் கட்டடத்துச் சம்பளம்

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் உம்மணாமூஞ்சி. அவருடைய கண்ணாடி அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். நான் அனுப்பிய ராஜினாமா அவர் கணினித் திரையில் திறந்திருந்தது. அடியில் இரண்டு பொத்தான்கள்: ஏற்கிறேன், நிராகரிக்கிறேன்.

அழுத்தித் தொலைக்க வேண்டியதுதானே? மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதிர் பில்டிங் பேங்க்ல எவ்வளவு தராங்க?"

"இங்க வாங்குறதைப் போல ஒன்றரை மடங்கு சார்."

"ஓஹோ."

எங்கள் வங்கி இருக்கும் தெரு முழுக்க வங்கிகள்தான். பங்கு வாங்கி விற்கும் மென்பொருளை வேகமாக ஓட வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வருஷம் ஏக கிராக்கி. எந்த வேலைக்கு என்ன சம்பளம், எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனம் வாராவாரம் ஓர் அட்டவணை வெளியிடும். அதை நாங்கள் ராசிபலன் மாதிரி படிப்போம். எனக்கு அது தலைகீழ்ப் பாடம். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த கணினி மொழி அதில் அடிமட்டத்துக்குப் போனது; கொஞ்ச நாளில் அவருக்கு வேலையும் போனது. இப்போது எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான். "ஏறுறப்பவே மாறிடு, என்னை மாதிரி உட்கார்ந்துடாத" என்று நச்சரித்து என்னை ராஜினாமா எழுத வைத்தவரும் அவர்தான்.

மேஜை மேல் என் போன் அதிர்ந்தது. உடனே அவருடையதும் அதிர்ந்தது.

என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். எதிர் வங்கியிலிருந்து மின்னஞ்சல். புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். எனக்குத் தந்த வேலை ரத்தாம். வருந்துகிறார்களாம். வருந்தி என்ன கிழிக்கப் போகிறார்கள்?

நிமிர்ந்தேன். அவர் கை மௌஸில் இருந்தது. கர்சர் 'ஏற்கிறேன்' மேல் நின்றது.

"சார், ஒரு நிமிஷம்..."

காலையில்தான் காபி மெஷின் பக்கத்தில் நின்று, "இனிமே இந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன். அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? பழி வாங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஆனால் அவர் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்கும் மெயில் வந்துச்சாம்மா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சார்... நீங்களும் அங்கயா?"

"போய்ச் சேர்ந்துட்டு உங்களையெல்லாம் கூப்பிடலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்ட." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "என் ராஜினாமாவை மேல நேத்தே ஏத்துக்கிட்டாங்க. என் சீட்டுக்கு ஆளும் பார்த்தாச்சு."

கர்சர் நகர்ந்தது. 'நிராகரிக்கிறேன்' மேல் வந்து நின்றது. அழுத்தினார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. போய் வேலையைப் பாரு."

எழுந்தேன். பிழைத்தோம் என்ற சந்தோஷம் பொங்கியது. அவர் முன்னால் அப்படிச் சந்தோஷப்பட வெட்கமாகவும் இருந்தது. கதவைத் தொட்டபோது கூப்பிட்டார்.

"ஏம்மா, நீதான் அந்த அட்டவணையைக் கரைச்சுக் குடிச்சவளாச்சே. என்னை மாதிரி மேனேஜருக்கெல்லாம் இப்போ எப்படி?"

இந்த வார அட்டவணையில் கடைசி வரி அதுதான். பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. மதியம் சாப்பிடும்போது அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தோம்.

"அந்த வரியை நான் பார்க்கல சார்."

"நான் பார்த்தேம்மா," என்றார். "அதனாலதான் கிளம்பினேன்."