பிடரி முடி

அந்தச் சலூனில் நாற்காலி இரண்டுதான். ஒன்று அண்ணனுடையது, மற்றது தம்பியுடையது. கடல் தாண்டி நடக்கும் ஒரு போருக்கு நம் படையும் கிளம்பிப் போனதிலிருந்து சலூனும் ஊரைப் போலவே இரண்டாகிவிட்டது. போர் வேண்டும் என்பவர்கள் அண்ணனிடம், வேண்டாம் என்பவர்கள் தம்பியிடம். ஒரு நாற்காலி சும்மா கிடந்தாலும் மற்றதற்காக ஒரு மணி நேரம் பெஞ்சைத் தேய்ப்பார்கள். அப்படியொரு கொள்கைப் பிடிப்பு, அதுவும் முடி வெட்டிக்கொள்ள.

அண்ணனுக்கு எக்கச்சக்க நம்பிக்கை. அவர் மகனே போர்முனையில் இருக்கிறான்.

"அவன் லீவுல வரட்டும்டா. என் நாற்காலியில உக்காந்து, இந்தப் போர் சரிதான்னு அவன் வாயாலேயே சொல்லுவான்."

"சொல்லலன்னா, அண்ணே?"

"அதுக்கப்புறம் கத்திரிக்கோலைத் தொடவே மாட்டேன். போதுமா?"

சவால் ஊரெல்லாம் பரவிவிட்டது. மகன் வந்த அன்று காலை சலூனில் நிற்கக்கூட இடமில்லை.

மகன் நேராக அப்பாவின் நாற்காலியில்தான் உட்கார்ந்தான். அண்ணன் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். அப்பனுக்கு வேறென்ன வேண்டும்? துணியைப் போர்த்திவிட்டு, வழக்கம்போல் பின்னால் போய் நின்றார்.

மகன் துள்ளி எழுந்தான். துணி தரையில் விழுந்தது.

"பின்னால நிக்காதீங்கப்பா."

"கண்ணாடியில தெரியறேனேடா?"

"தெரியுது. ஆனா முடியலப்பா."

அண்ணன் துணியை எடுத்து உதறினார். மகனை உட்கார வைத்து, முன்னால் நின்றபடியே முன்முடியை வெட்டினார், பக்கங்களை வெட்டினார். பிடரி மட்டும் மிச்சம்.

பெஞ்சிலிருந்த தையற்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா, போர் சரிதானே? ஒரு வார்த்தை சொல்லிடு."

"நீங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் அண்ணன். தன் ஆட்களையும் சேர்த்துத்தான் சொன்னார்.

கூட்டம் வெளியேறியதும் மகன் மெதுவாகக் கேட்டான். "சித்தப்பா, நீங்க வாசலைப் பாத்துக்கறீங்களா? அப்பா பின்னால நின்னு வெட்டட்டும்."

தம்பி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய வாடிக்கைக்காரர் ஒருவர் அப்போதுதான் ஆவலாக ஓடி வந்தார்.

"என்னப்பா, பையன் என்ன சொன்னான்? யாரு ஜெயிச்சது?"

"முடி வெட்டிக்கிட்டு இருக்கான். யாரையும் உள்ள விடறதா இல்ல" என்றார் தம்பி. பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "நீ வெட்டுண்ணே, நான் இருக்கேன்" என்றார்.

மகன் தலையைக் குனிந்து கண்களை மூடிக்கொண்டான். அண்ணன் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.