வக்கீல் நீக்கிய ஃபோல்டர்

வக்கீலுக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. ஆபீஸில் அதைக் கட்டி மேய்த்தவர் அவருடைய அண்ணிதான். கறுப்புத் திரையில் அவர் ஒரு வரி தட்டினால் போதும், எந்த ஃபோல்டரில் தேடலாம், எதில் தேடக் கூடாது என்று அவர் சொன்னபடி ஃபைல் தேடும் கருவி கேட்கும். ஒன்று விடாமல் தேட வேண்டும் என்று வக்கீல் அடம்பிடித்ததால், இருக்கிற எல்லா ஃபோல்டரையும் அண்ணி அதன் பட்டியலில் சேர்த்திருந்தார்.

விவாகரத்து கேட்டு ஒரு தமிழ் டீச்சர் வந்தார். மாதிரிக்குப் பழைய மனு ஒன்றைக் காட்டலாமென்று வக்கீல் 'பிரிவு' என்று தேடினார். முதலில் வந்து நின்றது, மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில் அவர் உருகி எழுதிய கவிதை. மனைவியின் குறட்டையை அதில் வீணை என்றிருந்தார்.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசிவரை படித்துவிட்டு, மூன்றாவது வரியில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்றார். வக்கீலுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஜூனியர் எழுதியது என்று புளுகினார். அந்த ஆபீஸில் ஜூனியரே கிடையாது.

டீச்சர் போனதும், அண்ணி போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வக்கீலே பட்டியலைத் திறந்து, கவிதைகள் இருந்த 'சொந்தம்' ஃபோல்டரை எடுத்துவிட 'நீக்கு' என்று தட்டி, என்டரை ஓங்கி அறைந்தார்.

மறுநாள் காலை, முந்தின நாள் டைப் செய்து வைத்த டீச்சரின் மனுவைத் தேடினால் காணோம். எதைத் தேடினாலும் கவிதைதான் வந்தது. 'சொத்து' என்றால் 'நீயே என் சொத்து'. 'ஜாமீன்' என்றுகூட ஒன்று எழுதித் தொலைத்திருந்தார். பதினெட்டு வருஷ வழக்கும் போச்சு என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி வந்து பட்டியலைப் பார்த்தார். 'சொந்தம்' இருந்தது, 'வழக்குகள்' இல்லை.

"எதுவும் அழியல தம்பி. அந்தப் பக்கம் போய்த் தேடாதேன்னு சொல்லியிருக்கீங்க, அது போகல. ஃபைலெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு. எந்திரிங்க, பேண்ட் அழுக்காகுது."

ஒரு வரி தட்டி வழக்குகளை மறுபடி சேர்த்தார். கருவி எல்லாவற்றையும் படித்து முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. டீச்சரின் மனு திரையில் வந்த பிறகுதான் வக்கீல் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

சொந்தத்தை எடுத்துவிடட்டுமா என்று அண்ணி கேட்டார். வக்கீல் சரியென்று தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க எத்தனை படிச்சீங்க அண்ணி?" என்றார்.

"எல்லாத்தையும்தான். தேடல் சரியா வேலை செய்யுதான்னு பார்க்கணுமில்ல?"

"எப்படி இருக்கு?"

அண்ணி 'நீக்கு' என்று தட்டி, என்டரை அழுத்திவிட்டு, டீ போட எழுந்து போனார்.