உப்புக் காயலில் ஒரு துடுப்பு

ஸைமா ஊர் திரும்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவள் உட்கார்ந்து எழுத நல்ல மேசையாக வாங்கிவிடலாம் என்று, அவள் கணவன் ஹபீப் கொடைக்கானல் பஜாரிலிருந்த தன் பாத்திரக்கடையைத் திறக்காமல் வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினான்.

கல்யாணமாகி நான்கு வருடம். வருடத்துக்கு மூன்று மாதம் அவள் மத்திய அமெரிக்காவிலுள்ள பெலிஸ் நாட்டில் இருப்பாள். ஆயிரம் வருடங்களுக்கும் முன்னால் மாயா மக்கள் அங்கே கடலோரத்தில் மரவீடு கட்டி, உப்புநீரை மண்சட்டியில் காய்ச்சி உப்பெடுத்தார்கள். பிறகு கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மிதவையில் குப்புறப் படுத்து, காயல் சேற்றுக்குள் கைவிட்டு அந்த வீடுகளின் தூண்களைத் தேடுவதுதான் ஸைமாவின் வேலை. ஒவ்வொரு முறையும், "நீங்களும் வாங்களேன்" என்பாள். கடையை யார் பார்ப்பது என்று அவன் மழுப்புவான். அவள் போனபின் இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு விழிப்பான்.

மேசையை வேனில் ஏற்றும்போது அவள் போன் வந்தது.

"என்னங்க, ஒரு துடுப்பு கெடச்சிருக்கு! முழுசா! உப்பு ஏத்திட்டுப் போன படகோடதா இருக்கும்."

"சந்தோசம். வியாழக்கெழம எத்தன மணிக்கு வந்து எறங்குவ?"





"அது காஞ்சா சுருங்கி வெடிச்சிரும்ங்க. தண்ணியிலயே வச்சு அளந்து முடிக்கணும். நான் இருந்தாத்தான் ஆகும். இன்னும் மூணு வாரம்..."

ஹபீப் திட்டத்தான் வாயெடுத்தான். ஆனால், "தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டான்.

"பாத்தேன். பிடிக்கிற எடம் தேஞ்சு வழவழன்னு இருக்கு. யாரோ ரொம்ப நாள் பிடிச்சிருக்காங்க." அவள் குரல் கம்மியது. "ஒடனே உங்ககிட்ட காட்டணும்னு திரும்புனேன். நீங்க இல்ல."

"இருந்து முடிச்சிட்டு வா" என்றான்.

மேசையைத் தன் கடைக்குப் பக்கத்துக் கடையில் இறக்கச் சொல்லி வேனை அனுப்பினான். பஸ் ஸ்டாண்டு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாண்டிச்செல்வியிடம் போய், பாஸ்போர்ட்டுக்குப் பதிய வேண்டும் என்றான்.

"எந்த நாட்டுக்குண்ணே?"

"பெலிஸ்."

"அங்க என்ன சோலி?"

"எம் பொண்டாட்டி அங்க இருக்கா."

"வெரசா வேணுமாக்கும்? எப்படியும் ஒரு மாசம் ஆகும்ணே."

அதற்குள் ஸைமாவே வந்துவிடுவாள்.

"ஆகட்டும்மா. அடுத்த தடவ சேந்து போகணும்" என்று ஆதார் அட்டையை நீட்டினான்.