பச்சை வராத திரை

அண்ணன் ரெஃபிக் இறந்த மறுநாள் காலை ஹஸ்னியாவின் லேப்டாப் திரை உடைந்தது. அடுத்த நாள் மதியத் தொழுகைக்குப் பின் ஜனாஸா. திரை உடைந்த அன்றே மாலைக்குள் மரண அறிவிப்பு சுவரில் ஏறாவிட்டால் ஆள் வராது. ஊரில் எல்லோருடைய அறிவிப்பையும் தயாரித்துக் கொடுப்பவள் அவள்தான்.

கொட்டகையிலிருந்த பழைய மானிட்டரைத் துடைத்து எடுத்தாள். கடைத்தெருவில் வாங்கிய அடாப்டரில் இரண்டு கேபிளும் பொருந்தின. திரை எரியவில்லை. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஸ்லாவ்கோவின் கடைக்குப் போனாள்.

“யாருக்கா இத உங்க தலையில கட்டினது? பழைய கம்ப்யூட்டர்லருந்து புது டிவிக்குப் போறது இது. படம் ஒரு பக்கமாத்தான் போகும். உங்களுக்கு எதிர்ப்பக்கம் வேணும்.”

வேறொன்றை எடுத்தான். மானிட்டர் கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“ஊசி ஒண்ணு ஒடிஞ்சிருக்கு. ஏதோ ஒரு நிறம் வராது. நல்ல கேபிள் நாளைக்குத்தான் வரும்.”

“எழுத்து தெரியுமா?”

“தெரியும்.”

“அது போதும்.”

“என் காபியக் குடிச்சுக்கிட்டே என் காபியத் திட்டுவாரு உங்க அண்ணன்.”

“எல்லா வீட்லயும் அப்படித்தான் திட்டுவாரு. ஜனாஸாவுக்கு யாரு வரப்போறாங்களோ.”

வீட்டுக்கு வந்து மாட்டியதும் திரை எரிந்தது. வெள்ளைத் தாள் ஊதாச்சிவப்பாகத் தெரிந்தது. கடைசியாகச் செய்தது ஒரு கத்தோலிக்கருடைய அறிவிப்பு. சிலுவையை எடுத்துவிட்டுப் பிறையை வைத்தாள். பெயரையும் படத்தையும் மாற்றினாள். அறிவிப்பைச் சுற்றி வரும் சட்டத்துக்குப் பச்சையைத் தேடினாள். பச்சைக் கட்டமும் கறுப்புக் கட்டமும் அடுத்தடுத்துக் கறுப்பாகவே இருந்தன. கைக்குத் தெரியும் என்று ஒன்றை அழுத்தி முனிபுக்கு அனுப்பினாள். அச்சிட்டு ஒட்டுவது அவர் வேலை.

மாலையில் பேருந்து நிலையச் சுவருக்குப் போனாள். பச்சைச் சட்டம் என்றால் முஸ்லிம்கள் நின்று படிப்பார்கள். கறுப்பு என்றால் மற்றவர்களுடையது என்று தூரத்திலேயே கடந்துவிடுவார்கள். ரெஃபிக் கறுப்புச் சட்டத்துக்குள் இருந்தார்.

போன் செய்தாள்.

“முனிப், பாத்துட்டுத்தான் ஒட்டினீங்களா?”

“பாத்தேனே. பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரரு, பள்ளிவாசல் பக்கமே எட்டிப் பாக்காதவரு. கறுப்பு அவரு ஆசைன்னு நெனச்சேன். நீயே அனுப்பினது வேற. துக்க வீட்ல எப்படிம்மா கேக்குறது?”

“மாத்துங்க.”

“ஒட்டினத கிழிக்கக் கூடாது. காலையில பக்கத்துல பச்சைய ஒட்டுறேன். மழை வராம இருக்கணும்.”

காலையில் மழை வந்தது. பச்சை சுவரில் ஏறவில்லை.

பள்ளிவாசலில் பெண்கள் நிற்குமிடத்திலிருந்து ஹஸ்னியா பார்த்தாள். தொழுகைக்கு ஒரு வரிசைகூட நிறையவில்லை. சட்டத்தைப் பார்த்து வராதவர்கள் எத்தனை பேர், ரெஃபிக்கைப் பிடிக்காமல் வராதவர்கள் எத்தனை பேர் என்று யாரிடமும் கேட்க முடியாது.

மதிலுக்கு வெளியே ஸ்லாவ்கோ தொப்பியைக் கையில் பிடித்து நனைந்துகொண்டு நின்றான். அவள் வெளியே வந்ததும் அருகே வந்தான்.

“கேபிள் வந்துருச்சுக்கா,” என்றான்.